'கண்ணைச் சிமிட்டுங்கள்': ஆன்லைன் பூட்டுகளின் வரலாறு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகப் பேச்சைக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.)

இந்த எபிசோடைத் திருத்தணியில், எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பதிவு செய்கிறேன். பின்னாடி தறிச் சத்தம் கேட்டா மன்னிச்சுக்குங்க. பக்கத்து வீட்டு விசைத்தறி ஞாயிற்றுக்கிழமையும் நிற்காது.

போன மாதம் ஊருக்கு வந்தபோது பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். க்ளகோமாவில் அவருக்குப் பார்வை போய் ஆறு வருஷம் ஆகிறது. ஆனால் போனை நன்றாகவே பயன்படுத்துவார். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடரை வைத்துக்கொண்டு செய்தி கேட்பார், பணம் அனுப்புவார். அன்றைக்கு வங்கி ஆப் கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லியிருந்தது. முகத்தை வட்டத்துக்குள் வைக்க வேண்டும், பிறகு கண்ணைச் சிமிட்ட வேண்டும். வட்டம் எங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஸ்க்ரீன் ரீடர் அந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து.

"இன்னாடா கேக்குது அது?" என்றார். போனை வாங்கி அவர் முகத்துக்கு நேராக நான் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது முயற்சியில் முடிந்தது. "நான் இல்லாதப்போ என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். மொபைல் கடைப் பையன் செய்து தருவானாம். அவனுக்கு இவருடைய பின் நம்பரும் தெரியும், ஓடிபியும் அவன்தான் பார்த்துப் போடுவான். "நல்ல பையன்தான்டா. ஆனா அவன் நல்லவனாவே இருக்கணும்னு நான் தினமும் சாமி கும்பிட்டுக்கினே இருக்க முடியுமா?" என்றார்.

அந்தக் கேள்விதான் இந்த எபிசோட். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஒவ்வொரு குறுஞ்செய்தியும் எச்சரிக்கிறது. அதே அமைப்பு, இன்னொருவரிடம் சொல்லாமல் பெரியப்பா உள்ளேயே போக முடியாதபடி கட்டப்பட்டிருக்கிறது. இதை வசதிக் குறைவு என்றுதான் நாம் வழக்கமாகச் சொல்வோம். அது மட்டும் இல்லை, இது பாதுகாப்புக் குறைவும்கூட. திறப்பதற்கு அடுத்தவர் கை தேவைப்படுகிற பூட்டு அவரைப் பாதுகாக்கவில்லை. இந்த நிலைமைக்கு நாம் எப்படி வந்து சேர்ந்தோம் என்று பார்ப்போம்.

முதல் பூட்டு: கையெழுத்து

இணையத்துக்கு முன்னாலேயே இந்தக் கதை ஆரம்பித்துவிட்டது. வங்கிக்கு நீங்கள்தான் நீங்கள் என்று நிரூபிக்கும் பழைய வழி கையெழுத்து. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பார்வை இல்லாதவருக்கு அது கஷ்டம். கை நடுங்குபவருக்கும் கஷ்டம். அதனால் நம் நாட்டில் பல வங்கிகள் பார்வையற்றவர்களுக்குக் காசோலைப் புத்தகம் தர மறுத்தன, ஏடிஎம் அட்டை தர மறுத்தன. சொன்ன காரணத்தைக் கவனிங்க: உங்களை யாராவது ஏமாற்றிவிடுவார்கள், உங்கள் பாதுகாப்புக்காகத்தான்!

2008 ஜூன் 4 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. காசோலை, ஏடிஎம், இணைய வங்கி, லாக்கர், கடன், கிரெடிட் கார்டு என எல்லா வசதிகளையும் பார்வையற்றவர்களுக்குப் பாகுபாடு இல்லாமல் தர வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு, புதிதாக வைக்கும் ஏடிஎம்களில் மூன்றில் ஒரு பங்காவது பேசும் ஏடிஎம்மாக, பிரெய்ல் பொத்தான்களோடு இருக்க வேண்டும் என்றது. பேசும் ஏடிஎம்மில் இயர்போன் சொருகும் துளை இருக்கும். சின்ன விஷயம்தான், ஆனால் முக்கியமான விஷயம். இருப்பு எவ்வளவு என்று அவருக்கு மட்டும் கேட்கும், பின்னால் வரிசையில் நிற்பவருக்குக் கேட்காது. உதவியும் ரகசியமும் ஒன்றாகக் கிடைக்கும்படி யோசித்திருக்கிறார்கள்.

ஆக, கையெழுத்துப் பூட்டுக்கு ஒரு வழி பிறந்தது. ஆனால் அதற்குள் வங்கிகள் இணையத்துக்குப் போய்விட்டன. அங்கே வேறு மாதிரிப் பூட்டு காத்திருந்தது.

இரண்டாம் பூட்டு: கேப்ச்சா

1997இல் ஆல்டாவிஸ்டா என்றொரு தேடுபொறி இருந்தது. கூகுளுக்கு முந்தைய காலம். அதன் பட்டியலில் குப்பை முகவரிகளைத் தானியங்கி நிரல்கள் கொண்டுவந்து கொட்டின. ஆந்திரே புரோடர் என்ற கணினி அறிவியலாளரும் அவருடைய குழுவும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: எழுத்துகளைக் கோணல்மாணலாக்கி ஒரு படமாகக் காட்டுவது. மனிதக் கண் படித்துவிடும், நிரலால் படிக்க முடியாது.

2000 வாக்கில் யாஹூவுக்கும் இதே தொல்லை. ஆயிரக்கணக்கில் பொய்க் கணக்குகள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மானுவல் பிளம், லூயிஸ் வான் ஆன் முதலானோர் இதை ஒரு துறையாகவே வளர்த்து, கேப்ச்சா என்று பெயர் வைத்தார்கள். கணினியையும் மனிதரையும் பிரித்தறியத் தானாகவே இயங்கும் பொது டூரிங் சோதனை என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது.

அந்தப் பெயரில் இருக்கும் டூரிங்கைப் பற்றி ஒரு நிமிஷம். ஆலன் டூரிங் 1950இல் எழுதிய கட்டுரையில், ஓர் இயந்திரம் யோசிக்கிறதா என்று சோதிக்க ஒரு விளையாட்டைச் சொன்னார். கேள்வி கேட்பவர் ஓர் அறையில், பதில் சொல்பவர் வேறு அறையில். பதில்கள் தட்டச்சில்தான் வர வேண்டும். ஏன்? முகமோ குரலோ தீர்ப்பைப் பாதிக்கக் கூடாது. உடம்பைத் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டு அறிவை மட்டும் பார்ப்பதுதான் அந்தச் சோதனையின் அடிப்படையே. அவர் பெயரைச் சூட்டிக்கொண்டு வந்த கேப்ச்சா நேர் எதிராகச் செய்தது. கண் இருக்கிறதா என்று சோதித்துவிட்டு, மனிதரா என்று தீர்ப்புச் சொன்னது.

தொழில்நுட்பமாகவும் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்க்ரீன் ரீடர் என்பது என்ன? அதுவும் ஒரு நிரல்தானே. பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் படித்துக் குரலாக்குகிறது. நிரல்களால் படிக்க முடியாதபடி ஒரு படத்தைச் செய்தால், பார்வையற்றவரின் நிரலாலும் அதைப் படிக்க முடியாது. இது கவனக்குறைவால் வந்த பிழை இல்லை. பூட்டின் வேலையே அதுதான். இணையத்துக்குத் தரநிலை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, கேப்ச்சா மாற்றுத்திறனாளிகளை வெளியே நிறுத்துகிறது என்று 2005லேயே ஆவணமாக எழுதி வெளியிட்டது.

சரி, படத்துக்குப் பதில் ஒலி வைக்கலாம் என்றார்கள். இரைச்சலுக்கு நடுவே யாரோ எண்களைச் சொல்வார்கள், கேட்டு எழுத வேண்டும். 2009இல் ஜெஃப்ரி பிக்ஹாம், அன்னா கேவெண்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 150க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்தார்கள். பார்வை உள்ளவர்களுக்கும் சரி, இல்லாதவர்களுக்கும் சரி, ஒலிக் கேப்ச்சா படக் கேப்ச்சாவைவிடக் கடினம், நேரமும் அதிகம் என்று தெரிந்தது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்க்ரீன் ரீடரும் பேசுகிறது, கேப்ச்சாவும் பேசுகிறது. இரண்டு குரல்களில் எதைக் கேட்பது? பார்வையும் செவித்திறனும் இரண்டுமே இல்லாதவருக்கோ படமும் இல்லை, ஒலியும் இல்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது, யாரைத் தடுக்க இந்தப் பூட்டைப் போட்டார்களோ அந்த நிரல்கள் என்ன செய்தன? 2014 டிசம்பரில் கூகுளே சொன்னது: மிகக் கடினமாகக் கோணலாக்கிய எழுத்தையும் செயற்கை நுண்ணறிவு 99.8 சதவீதம் சரியாகப் படித்துவிடுகிறது. 2017இல் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கூகுளின் ஒலிக் கேப்ச்சாவை 85 சதவீதம் சரியாக உடைக்கும் ஒரு கருவியைச் செய்து காட்டினார்கள். திருடன் உள்ளே வந்துவிட்டான், வீட்டுக்காரர் இன்னும் வாசலில் நிற்கிறார்.

மூன்றாம் பூட்டு: ஓடிபி

இந்தியாவுக்கு வருவோம். 2009 ஆகஸ்ட் 1 முதல், அட்டையை நேரில் தேய்க்காமல் ஆன்லைனில் பணம் கட்டும்போது கூடுதலாக இன்னொரு சரிபார்ப்பு கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. அது நல்ல விதி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அட்டை எண்ணைத் திருடியவன் அதை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாமல் போனது இதனால்தான். பிற்பாடு அந்த இரண்டாம் சரிபார்ப்பு பெரும்பாலும் ஓடிபியாக நிலைத்தது.

விதியில் தப்பில்லை. அதை எங்களைப் போன்றவர்கள் செயல்படுத்திய விதத்தில்தான் தப்பு. என்னையே சொல்லிக்கொள்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஓடிபித் திரைக்கு நான் கோடு எழுதினேன். 30 வினாடி. ஆறு தனித்தனிக் கட்டங்கள். வேறு இடத்திலிருந்து நகல் எடுத்து ஒட்ட முடியாது, அதையும் 'பாதுகாப்புக்காக' நானே தடுத்தேன். பார்க்க அழகாக இருந்தது, டெமோவில் எல்லாருக்கும் பிடித்தது.

அந்தத் திரையை ஸ்க்ரீன் ரீடரோடு கற்பனை செய்து பாருங்க. குறுஞ்செய்தி வருகிறது. ஆப்பை விட்டு வெளியே போக வேண்டும். செய்தியை முழுசாகக் கேட்க வேண்டும். 482913 என்ற எண்ணை அது பல நேரம் நாலு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதிமூன்று என்று படிக்கும். பஸ்ஸில் இயர்போன் இல்லாமல் இருந்தால் பக்கத்து சீட்டுக்கும் கேட்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு திரும்ப ஆப்புக்கு வந்து, ஒவ்வொரு கட்டமாகத் தேடித் தட்ட வேண்டும். 30 வினாடி எப்போதோ முடிந்திருக்கும். கை நடுக்கம் இருப்பவருக்கும், எண்களை நினைவில் வைப்பது கடினமானவருக்கும் இதே கதைதான். செவித்திறன் இல்லாதவருக்குக் கணக்கு முடங்கிவிட்டால், சரிபார்க்க வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் செய்யுங்கள் என்பார்கள். அவர் எப்படிப் பேசுவார்?

கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு தடவை அந்தத் திரையை நான் சோதித்திருந்தால் போதும். செய்யவில்லை. அப்போது பெரியப்பாவுக்குப் பார்வை இருந்தது, அப்படி ஒருவரைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

நான்காம் பூட்டு: விரலும் முகமும்

நினைவில் வைக்க வேண்டாம், தட்ட வேண்டாம், உடம்பே பாஸ்வேர்டு என்று அடுத்து வந்தது. அப்படியானால் எந்த உடம்பு? ஆதாருக்குப் பத்து விரல் ரேகை, இரண்டு கருவிழி. தறியிலும் வயலிலும் உழைத்து ரேகை தேய்ந்த கைகளைத் திருத்தணிப் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. விரலே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு விலக்கு விதி உண்டு, ஆதார் ஆணையம் 2014லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஆனாலும் 2023 டிசம்பரில் கேரளாவின் கோட்டயம் மாவட்டத்தில், விரல்கள் இல்லாத ஒரு பெண்ணுக்கு ஆதார் கிடைக்க மத்திய அமைச்சர் தலையிட வேண்டியிருந்தது. அதன்பிறகு அரசே ஒரு கணக்குச் சொன்னது: விரல் இல்லாமலோ, கருவிழி பதிய முடியாமலோ, இரண்டும் முடியாமலோ இருப்பவர்கள் சுமார் 29 லட்சம் பேருக்கு ஆதார் கொடுத்திருக்கிறோம் என்று. அதாவது இவர்கள் விதிவிலக்கான ஒன்றிரண்டு பேர் இல்லை, ஒரு பெரிய நகரத்தின் மக்கள்தொகை. விதி காகிதத்தில் இருந்தது, ஆனால் கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் வரைக்கும் அது வந்து சேரவில்லை.

2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வீடியோ மூலம் கேஒய்சி செய்ய அனுமதித்தது. கேமராவுக்கு முன்னால் இருப்பது புகைப்படமா, உயிருள்ள ஆளா என்று தெரிந்துகொள்ள வேண்டும் இல்லையா? அதற்குப் பல நிறுவனங்கள் எடுத்துக்கொண்ட வழிதான் கண் சிமிட்டல்.

பிரக்யா பிரசூன் அமிலத் தாக்குதலிலிருந்து மீண்டவர். தன்னைப் போல் பாதிக்கப்பட்டவர்களுக்காக அதிஜீவன் என்ற அமைப்பை நடத்துபவர். 2023இல் ஒரு வங்கிக் கணக்குத் தொடங்கப் போனபோது கண்ணைச் சிமிட்டச் சொன்னார்கள். அவரால் முடியாது. உயிரோடு எதிரே இருக்கும் ஒருவரை, உயிரோடு இருப்பதை நிரூபிக்கவில்லை என்று அமைப்பு நிராகரித்தது. அவரும் வேறு சிலரும் 2024இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். பார்வையற்ற வழக்கறிஞரான அமர் ஜெயினும் தனியாக மனு போட்டார்.

2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு. தீர்ப்பை எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன நீதிபதி மகாதேவன். டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்லும் வாழ்வுரிமையின் பகுதி என்றது நீதிமன்றம். 20 உத்தரவுகள் போட்டது. உயிரோடு இருப்பதைச் சரிபார்க்கக் கண் சிமிட்டல் தவிர மாற்று வழிகள் வேண்டும். கைரேகையை ஏற்க வேண்டும். இணையதளங்களும் ஆப்களும் அணுகக்கூடியவையா என்று அவ்வப்போது தணிக்கை செய்ய வேண்டும். இயந்திரம் நிராகரித்தால் அதை மறுபரிசீலனை செய்ய ஒரு மனிதர் இருக்க வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியும் கேஒய்சி விதிகளைத் திருத்தி, இந்தச் சோதனை யாரையும் அவர்களுடைய குறைபாட்டால் வெளியே தள்ளக் கூடாது என்று சேர்த்தது.

என் பார்வையில், அந்த மறுபரிசீலனை உத்தரவுதான் மிக முக்கியமானது. நிராகரிப்பு நடந்தால் 'மீண்டும் முயலவும்' என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லாத ஆப்களைத்தான் நாங்கள் இத்தனை நாள் எழுதிக்கொண்டிருந்தோம்.

அப்போ பூட்டே வேண்டாமா?

கேட்கும்போதெல்லாம் இன்ஜினியர்கள் சொல்லும் பதில் இது: வழியை எளிதாக்கினால் பாதுகாப்பு குறையும். இதற்கு எங்க ஊர் மலையையே பதிலாகச் சொல்வேன். திருத்தணி முருகனைப் பார்க்க 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்பார்கள், படிப் பூஜையும் நடக்கும். அதே கோயிலுக்கு வண்டி போகும் சாலையும் இருக்கிறது. சாலை போட்டதால் சன்னிதியின் கதவு பலவீனமாகிவிட்டது என்று யாரும் சொன்னதில்லை. படி ஏறுவது பாதுகாப்பு இல்லை, அது ஒரு வழி மட்டும்தான். கதவு வேறு, வழி வேறு.

நாங்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டோம். நீங்கள்தானா என்று உறுதி செய்வது கதவு. படத்தைப் படிப்பது, சிமிட்டுவது, 30 வினாடிக்குள் தட்டுவது எல்லாம் வழி. ஒரே அளவு உறுதியைத் தரும் வழிகள் பல இருக்கலாம். 2023 அக்டோபரில் வந்த இணைய அணுகல் தரநிலை 2.2 இதைத்தான் கேட்கிறது: உள்ளே நுழைய நினைவாற்றல் சோதனையோ புதிரோ மட்டுமே வழியாக இருக்கக் கூடாது. பாஸ்வேர்டை ஒட்ட விடுங்கள், பாஸ்வேர்டு மேலாளரைத் தடுக்காதீர்கள் என்கிறது. பாஸ்கீ என்ற முறையும் வந்திருக்கிறது. ரகசியச் சாவி உங்கள் போனுக்குள்ளேயே இருக்கும், போனை வழக்கமாக எப்படித் திறக்கிறீர்களோ அப்படியே திறந்தால் போதும். விரல் வேண்டாம் என்றால் பின் நம்பர். திருடனுக்கு ஓடிபியைவிட இது கடினம், பெரியப்பாவுக்கு ஓடிபியைவிட எளிது. இரண்டும் ஒரே நேரத்தில் முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அணுகலை உரிமையாக்கிவிட்டது. 2024 நவம்பரில் ரஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்குங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் தன் பங்கைச் செய்துகொண்டிருக்கிறது. மீதி எங்களைப் போல் கோடு எழுதுபவர்கள் கையில்.

கேட்கிற இன்ஜினியர்களுக்கு ஒரே வேலை தருகிறேன். நாளைக்கு ஆபீஸ் போனதும் உங்கள் லாகின் திரையைத் திறந்து, போனில் டாக்பேக்கை ஆன் செய்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போய்ப் பாருங்க. பத்து நிமிஷம்தான் ஆகும். இன்ஜினியர் இல்லாதவர்களுக்கு: வீட்டில் யாராவது இப்படி மாட்டிக்கொண்டால் வங்கியில் எழுத்து மூலம் மாற்று வழி கேளுங்க. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, 2025 தீர்ப்பைக் குறிப்பிட்டே கேட்கலாம்.

பெரியப்பாவின் பின் நம்பரை மாற்றிவிட்டோம். எண்ணை அவரே தட்டினார். நான் திரும்பி நின்றுகொண்டேன். "உனக்கும் சொல்லமாட்டேன்" என்றார். சொல்லாதீங்க என்றேன். ஆனால் அடுத்த முறை கேஒய்சி வந்தால் வட்டத்துக்குள் முகத்தை வைக்க இன்னும் யாராவது வேண்டும். அது மாறுகிற வரைக்கும் இந்த விஷயத்தைப் பேசிக்கொண்டிருப்பேன்.

உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவருக்கோ இப்படி நடந்திருந்தால், குரல் செய்தியாக அனுப்புங்க, எழுதவும் செய்யலாம். எது வசதியோ அப்படி. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.